டெயில்கேப்பைக் கழற்றி வைத்து ஆம்பியர் பார்க்காதீர்கள்

ஆர்வலர்கள் குறை சொல்லிச் சொல்லியே தேறிய மலிவு டார்ச்சுகள் உண்டு. நான்கு 18650 லித்தியம் செல் போடும், பி.எல்.எஃப் என்ற இணைய ஆர்வலர் மன்றத்தின் க்யூ8 அப்படி வந்ததுதான். இன்று பல டார்ச்சுகளுக்குள் ஓடும் ஆண்டுரில் மென்பொருளும் ஆர்வலர் எழுதியதே. இதைப் பார்த்துவிட்டு, தயாரிப்பாளர் சோதிக்க அனுப்பும் மாதிரி டார்ச் ஒன்று கைக்கு வந்ததும் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்காருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் பழைய ஆட்கள் விழுந்தெழுந்த அதே குழிகளில் வரிசையாக விழுகிறார்கள். செல்லைத் தலைகீழாகப் போடுவது, ரிஃப்ளெக்டரில் விரலை வைப்பது எல்லாம் ஒருமுறை பட்டாலே புத்தி வந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம்.

மல்டிமீட்டரை நம்பி ஸ்பிரிங்கைக் கைவிடுவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் தீராத தவறு இது. வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். டெயில்கேப்பை, அதாவது டார்ச்சின் பின்மூடியை, கழற்றுவார்கள். மீட்டரின் ஒரு முனையைச் செல்லின் அடியிலும் இன்னொன்றை டியூபின் விளிம்பிலும் வைப்பார்கள். 3.3 ஆம்பியர் காட்டும். பிறகு முன்னும் பின்னும் செல்லை அழுத்தும் இரண்டு ஸ்பிரிங்குக்கும் செம்பு வயரால் பைபாஸ், அதாவது மின்சாரத்துக்குக் குறுக்குவழி, போட்டு மறுபடி அளப்பார்கள். 3.5 காட்டும். "பைபாஸால் ஒன்றும் பெரிதாக ஏறவில்லை, தேவையில்லை" என்று தயாரிப்பாளருக்கு அறிக்கை போகும். கையால் பற்றவைக்க வேண்டிய ஒரு வேலை மிச்சம் என்றால் எந்தத் தொழிற்சாலைதான் வேண்டாம் என்று சொல்லும்? அந்த மாடல் கடைசிவரை பைபாஸ் இல்லாமலே வரும்.

இந்த அளவில் இரண்டு பிழைகள் இருக்கின்றன.

முதலாவது, மீட்டரே மின்தடை. எஃப்.இ.டி என்ற டிரான்சிஸ்டர் வழியாக நேரடியாக ஓடும் டார்ச்சில் மின்னோட்டத்தை எந்தச் சிப்பும் கட்டுப்படுத்துவதில்லை. செல்லின் வோல்டேஜில் எல்.இ.டி எடுத்தது போக மிச்சமும், வழியில் உள்ள தடையும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. நிரம்பிய செல் 4.2 வோல்ட், 5 ஆம்பியரில் எல்.இ.டி கேட்பது சுமார் 3.5. மிச்சம் 0.7 வோல்ட். அப்படியென்றால் செல், ஸ்பிரிங், ஸ்விட்ச், எஃப்.இ.டி எல்லாம் சேர்ந்தே 0.14 ஓம்தான். மலிவு மீட்டரின் மெல்லிய வயர், ஃபியூஸ், கையால் அழுத்திப் பிடிக்கும் முனை எல்லாம் கூடினால் 0.2 ஓம் எளிதாக வந்துவிடும். அளக்கிற கருவி அளக்கப்படுகிற டார்ச்சைவிடப் பெரிய தடை! அதற்குப் பக்கத்தில் ஸ்பிரிங்கின் 0.025 ஓம் எங்கே தெரியப்போகிறது?

இரண்டாவது பிழை இன்னும் மோசம். டெயில்கேப்பைக் கழற்றி வைத்தாயிற்று. பின்பக்க ஸ்பிரிங்கும் ஸ்விட்ச்சும் அந்த டெயில்கேப்போடு மேஜையில் கிடக்கின்றன. மின்சாரம் போகாத ஸ்பிரிங்குக்குப் பைபாஸ் போட்டதன் பலனை மீட்டரில் தேடினால் எப்படி வரும்?

பைபாஸால் உண்மையில் 5 ஆம்பியர் 6-ஐத் தாண்டும். வெளிச்சம் மட்டுமல்ல விஷயம். 5 ஆம்பியரில் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் 0.6 வாட் சூட்டைத் தாங்குகிறது. மூன்று நான்கு எல்.இ.டி உள்ள டார்ச்சில் மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்கு. ஸ்பிரிங் விறைப்பு இழந்து அமுங்கிவிடும். டார்ச்சைத் தட்டினால் அணையும்.

சரியான முறை இது. நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். யூனி-டி யூ.டி.210ஈ போதும். ஏ.சி மட்டும் அளப்பதை வாங்கிவிடாதீர்கள். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு சாண் வெட்டி, முனைகளை உரித்து, கிளாம்புக்குள் விடுங்கள். டார்ச் எந்தத் திசையில் இருக்குமோ அதே திசையில் வைத்து பூஜ்ஜியமாக்குங்கள். பூமியின் காந்தப்புலமே எண்ணை ஆட்டும். பிறகு வயரைச் செல்லுக்கும் டியூப் விளிம்புக்கும் அழுத்துங்கள். இதிலும் டெயில்கேப் சேராது என்பதால் வருவது உண்மையைவிடச் சற்று அதிகம்.

டெயில் ஸ்பிரிங்கின் பலனைப் பார்க்க ஆம்பியரே வேண்டாம். டார்ச்சை முழுதாக மூடி, இருட்டறையில் கூரையைப் பார்த்து நிறுத்தி, பக்கத்தில் நகராமல், வெளிச்சத்தை அளக்கும் ஒரு லக்ஸ் மீட்டரை வையுங்கள். அதே செல், இரண்டு முறையும் 4.2 வோல்ட், போட்ட 30-ஆவது விநாடியில் வரும் எண். முன்பு, பின்பு. முடிந்தது.

பைபாஸுக்கு 20 அல்லது 22 கேஜ் சிலிகான் வயர், பல இழை உள்ளது. ஸ்பிரிங் முழுதாக அமுங்கினாலும் பக்கவாட்டில் பிதுங்காத அளவு தளர்ச்சி விடுங்கள். ஒற்றைக் கம்பி போட்டால் சில நாளில் முறியும்.

மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 7135 சிப் உள்ள டிரைவரில் (எல்.இ.டியை ஓட்டும் சர்க்யூட்) கதை வேறு. எட்டு சிப், ஒன்றுக்கு 350 மில்லி ஆம்பியர், மொத்தம் 2.8. நிரம்பிய செல்லில் மீட்டர் ஏறத்தாழ சரியாகவே காட்டும், செல் இறங்க இறங்கப் பொய் சொல்லத் தொடங்கும்.

அணைத்த பிறகும் செல் இறங்குவது

எலக்ட்ரானிக் ஸ்விட்ச் (செல்லைத் துண்டிக்காமல் சிப்புக்குச் சைகை மட்டும் தருவது) உள்ள டார்ச்சில் இதைப் பார்க்காமல் அறிக்கை எழுதாதீர்கள். செல்லின் வோல்டேஜைப் பார்க்க 22 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டிருந்தால், 4.2 வோல்ட்டில் 157 மைக்ரோ ஆம்பியர் எப்போதும் கசியும். 3000 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு அது இரண்டு வருடக் கணக்கு, பாதகமில்லை. மென்பொருள் தூங்காமல் 5 மில்லி ஆம்பியர் குடித்தால் 25 நாளில் செல் காலி.

இங்கே மல்டிமீட்டர்தான் சரி. ஆனால் நேராக மைக்ரோ ஆம்பியரில் இணைத்தால், டிரைவர் விழிக்கும்போது இழுக்கும் மின்சாரத்தை மீட்டர் தடுத்து, டிரைவர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். மீட்டருக்கு இணையாக ஒரு குட்டை வயரைப் பிடித்து, டார்ச் தூங்கியதும் வயரை எடுங்கள். அந்த நேரத்தில் ஸ்விட்ச்சைத் தொட்டால் ஃபியூஸ் போகும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவது

எல்.இ.டி, ஸ்பிரிங், டிரைவர் மூன்றையும் மாற்றிவிட்டு "நன்றாக இருக்கிறது" என்றால் தயாரிப்பாளருக்கு எதுவும் புரியாது. ஒன்றை மாற்றுங்கள், அளங்கள்.

ஒரு மீட்டர் தூரத்தில் வீச்சை அளப்பது

ரிஃப்ளெக்டரின் ஒளி அதற்குள் குவிந்திருக்காது. குறைந்தது 5 மீட்டர். அங்கே வரும் லக்ஸை 25-ஆல் பெருக்கினால் கேண்டெலா, அதாவது ஒளிச்செறிவு. அதன் வர்க்கமூலத்தின் இரு மடங்குதான், மீட்டர் கணக்கில், ஒளி எட்டும் தூரம், அதாவது வீச்சு. 10,000 கேண்டெலாவுக்கு 200 மீட்டர்.

க்யூ8-இல் அரை செல்லும் முழு செல்லும்

நான்கும் இணையாக உள்ளவை. 4.2 வோல்ட் செல்லோடு 3.6 வோல்ட் செல்லைப் போட்டு மூடினால், விளக்கு எரியாமலே ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 6 ஆம்பியர் பாயலாம்.

தெர்மல் பேஸ்ட்

எல்.இ.டியின் சூட்டை டார்ச்சின் உடலுக்குக் கடத்தும் பசை இது. அரிசி மணி அளவு போதும்.

திருகு மரையைச் சுரண்டுவது

தடை குறையும் என்று மின்சாரம் கடத்தாத ஆனோடைஸ் பூச்சை உரசி எடுக்கிறார்கள். மின்சாரம் போவது டியூபின் வெற்று விளிம்பு வழியாக. அதை ஐசோப்ரொப்பைல் தொட்ட துணியால் துடைத்தால் போதும். மரையின் பூச்சு போனால், டெயில்கேப்பைக் கால் சுற்றுத் தளர்த்திப் பூட்டிவைக்கும் வசதியும் போகும்.

ரீசெட் முடக்கும் ஃபியூஸ் பிட்

மென்பொருள் ஓடும் ஏ.டி.டைனி85 சிப்பில் இந்த அமைப்பை மாற்றினால் சாதாரண புரோகிராமர் இனி உள்ளே போகாது. 12 வோல்ட் புரோகிராமர் தேட வேண்டியதுதான்.