காரீயப் பரிசோதனை: வீட்டாரிடம் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்களோடு வேலைக்குச் சேர்ந்த இரண்டு பிள்ளைகள், தமிழ்க் குடும்பங்களுக்குக் கொடுக்க ஒரு துண்டுத்தாள் எழுதிக்கொண்டு வந்தார்கள். நியூ ஜெர்சியின் பழைய வீடுகளில் பாட்டில் கொடுத்து, குழாய்த் தண்ணீர் மாதிரி வாங்கி, காரீயம் எவ்வளவு இருக்கிறது என்ற முடிவைச் சொல்வது எங்கள் வேலை. தாளைப் படிக்கப் படிக்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2015 இல் நான் எழுதிய தாளில் இருந்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில்.

பாட்டிலில் பெயர் ஒட்ட மறப்பது, முகவரி மாறிப்போவது எல்லாம் ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'ஈயம்' என்று மட்டும் எழுதுவது

ஜெர்சி சிட்டியில் ஒரு மாமி என் தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஈயமா? நாப்பது வருஷமா ஈயச் சொம்புலதானேப்பா ரசம் வெக்கறேன். அதுல என்ன கெடுதல்?"

அவர் கேட்டது நியாயம். ரசச் சொம்பு வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் அதுவே. குழாயிலிருந்து கரைந்து வருவது காரீயம், இங்கே எல்லாரும் லெட் என்று சொல்வது. நம் வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். 'காரீயம், அதாவது லெட். ரசச் சொம்பு ஈயம் வேறு' என்று ஒரு வரி சேர்த்த பிறகுதான் பெரியவர்கள் தாளை மடித்து வைக்காமல் மேலே படித்தார்கள்.

காய்ச்சிக் குடிக்கச் சொல்வது

டைபாய்டுக்கும் காமாலைக்கும் பயந்து தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தே வளர்ந்தவர்கள் நாம். 'எதற்கும் நன்றாகக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்ற வரியைக் கை தானாக எழுதிவிடும். புதுப் பிள்ளைகளின் தாளிலும் இருந்தது. கிருமி கொதியில் சாகும், காரீயம் சாகாது. தண்ணீர் ஆவியாகக் குறையும், காரீயம் அப்படியே பாத்திரத்தில் நிற்கும். ஆகவே கொதிக்கக் கொதிக்க அதன் செறிவு ஏறத்தான் செய்யும். வெந்நீர்க் குழாயில் பிடித்துப் பால்மாவு கரைப்பதும் கூடாது, சூடான தண்ணீரில் காரீயம் இன்னும் எளிதாகக் கரையும்.

மாதிரி எடுக்கும் முன் குழாயைத் திறந்துவிடச் சொல்வது

இதுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு.

காரீயம் பெரும்பாலும் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவதில்லை. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் சர்வீஸ் லைன், செப்புக் குழாய்களை ஒட்டிய பழைய பற்றவைப்பு, பித்தளைக் குழாய்த்தலை, இவற்றில்தான் இருக்கிறது. இரவு முழுக்க அசையாமல் நிற்கும் தண்ணீர் அதைக் கரைத்துக்கொள்ளும். காலையில் முதன்முதலாக வரும் ஒரு லிட்டரைப் பிடிப்பது அதனால்தான். வீட்டில் யாரும் குறைந்தது ஆறு மணி நேரம் தண்ணீரையே தொட்டிருக்கக் கூடாது. நடுராத்திரியில் எழுந்தவர் கழிப்பறையில் ஃப்ளஷ் செய்தால்கூட சர்வீஸ் லைனில் நின்ற தண்ணீர் நகர்ந்துவிடும், அந்த இரவு கணக்கில் சேராது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கையில் கொடுத்த ஆங்கிலத் தாளில் இப்படி இருந்தது: முந்தின இரவு படுக்கும் முன் குழாயை ஐந்து நிமிடம் திறந்துவிடவும், குழாய் நுனியில் உள்ள சல்லடையைக் கழற்றிக் கழுவவும். ஏன் என்று நான் கேட்கவில்லை. நம் பழக்கத்துக்கும் அது பொருந்தி வந்தது. ஊரில் முதல் குடம் கலங்கலாக வரும், கீழே கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடிப்போம். யாருக்காவது தண்ணீர் கொடுக்கிறோம் என்றால் பாத்திரத்தை மூன்று தடவை அலசுவோம். அந்தத் தாளை அப்படியே தமிழாக்கி நாற்பது வீடுகளுக்குக் கொடுத்தேன்.

அதில் ஒன்று, பழைய இரட்டை வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருந்த குடும்பம். ஏழு மாதக் குழந்தை, புட்டிப்பால். முடிவு 3 பிபிபி, அதாவது லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். நானே போன் செய்து, "ஒண்ணும் இல்லம்மா, நிம்மதியா இருங்க" என்றேன். அன்றிலிருந்து அந்தக் குழாய்த் தண்ணீரில்தான் பால் கரைத்தார்கள்.

அதே சமயத்தில் மிச்சிகன் மாநிலம் ஃபிளிண்ட் நகரம் கொந்தளித்துக்கொண்டிருந்தது. 2014 ஏப்ரலில் ஆற்றுத் தண்ணீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த மிகேல் டெல் டோரல் 2015 ஜூனில் எழுதிய குறிப்பில், மாதிரிக்கு முன்னால் குழாயைத் திறந்துவிடச் சொல்வது காரீயத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்றும் எச்சரித்திருந்தார். 2016 பிப்ரவரியில் முகமை நாடு முழுவதற்கும் சொன்னது: முன்கூட்டித் திறந்துவிடச் சொல்லாதீர்கள், சல்லடையைக் கழற்றச் சொல்லாதீர்கள், வாய் அகன்ற பாட்டில் கொடுங்கள். முன்கூட்டித் திறந்துவிட்டாலோ சல்லடையைக் கழுவினாலோ, அங்கே சேர்ந்திருக்கும் காரீயத் துகள்கள் மாதிரிக்கு முன்பே போய்விடும். வாய் குறுகிய பாட்டிலில் தண்ணீரை மெல்லத்தான் பிடிக்க முடியும், அந்த வேகத்தில் துகள்கள் உதிராது.

என் தாளில் மூன்றுமே தவறு. பாட்டில்கூடக் குறுகிய வாய்.

அந்த வசந்த காலத்தில் அதே வீட்டில் மறுபடி மாதிரி எடுத்தோம். இரவு யாரும் தண்ணீரைத் தொடவில்லை, சல்லடையைக் கழற்றவில்லை, குழாயை முழுதாகத் திறந்து பிடித்தார்கள். முடிவு 38. பிறகு சல்லடையைக் கழற்றி வெள்ளைத் தாளில் தட்டினேன். மணல் போலச் சாம்பல் நிறத் துகள்கள் விழுந்தன. "அப்போ மூணுன்னு சொன்னீங்களேண்ணா?" என்று குழந்தையின் அம்மா கேட்டார். நான் வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். குழந்தைக்கு உடனே இரத்தப் பரிசோதனை எடுக்கச் சொன்னேன். அதில் என்ன வந்தது என்பது அவர்கள் வீட்டு விஷயம், இங்கே எழுத மாட்டேன். மீதி முப்பத்தொன்பது வீட்டுக் கதவையும் திரும்பத் தட்டினேன். ஆறு குடும்பங்கள் அதற்குள் வீடு மாறிப் போய்விட்டன. அந்த ஆறு பேரிடமும் என் கையெழுத்தோடு ஒரு பொய் எண் இருக்கிறது.

காரீய சர்வீஸ் லைன் இருக்கும் வீட்டில் முதல் லிட்டர்கூடப் போதாது. அது குழாய்த்தலையிலும் சமையலறைச் சுவருக்குள்ளும் நின்ற தண்ணீர்தான். தெருவிலிருந்து வரும் குழாயில் நின்றது சில லிட்டர் கழித்துத்தான் வரும். ஐந்து பாட்டில்களை வரிசையாக, நடுவில் குழாயை மூடாமல் பிடித்து, ஐந்தாவது லிட்டரைச் சோதிக்க வேண்டும் என்று முகமையின் 2021 விதித்திருத்தம் சொன்னது இதற்காகத்தான். வீட்டாரிடம் இந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏன் என்று தெரிந்தவர் ஐந்தாவது பாட்டிலை அலசிவிட்டுப் பிடிக்க மாட்டார்.

'15க்குக் கீழே, பயமில்லை'

அதே முகமையின் 1991 விதியில் வந்த 15 பிபிபி என்பது குழந்தையின் உடம்பைப் பார்த்து வைத்த எல்லை இல்லை. ஒரு ஊரில் எடுத்த மாதிரிகளில் பத்து சதவீதத்துக்கு மேல் அந்த எண்ணைத் தாண்டினால் குடிநீர் நிறுவனம் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பதற்கான கோடு, அவ்வளவுதான். உடல்நலத்துக்கான இலக்கு பூஜ்யம். 2024 அக்டோபரில் வெளியான விதி, 2027 நவம்பர் முதல் அமலாகும்படி, அந்தக் கோட்டையே 10க்கு இறக்கியது. தண்ணீர் மாறவில்லை, கோடுதான் நகர்ந்தது. நேற்று 12 வந்த வீட்டுக்கு 'பயமில்லை' என்று எழுதியவர் இன்று என்ன எழுதுவார்?

எண்ணைச் சொல்லுங்கள். எந்தக் குழாய், எந்த நாள் என்று சொல்லுங்கள். ஒரு துகள் உதிர்ந்தால் அடுத்த மாதம் அதே குழாயில் எண் பல மடங்காகலாம் என்பதையும் சொல்லுங்கள். 'பாதுகாப்பானது' என்ற சொல்லை, முடிவைச் சொல்லி அனுப்பும் கடிதத்தில் நான் எழுதுவதே இல்லை.

கடிதத்தை வீட்டு உரிமையாளருக்கு மட்டும் அனுப்புவது

தண்ணீர் குடிப்பவர் வாடகைக்கு இருப்பவர்.

'ஃபில்டர் வாங்குங்கள்'

எந்த ஃபில்டர் என்று சொல்லுங்கள். என்எஸ்எஃப் 53 தரச்சான்றும், அதில் காரீயத்தின் பெயரும் பெட்டியில் அச்சாகியிருக்க வேண்டும். சுவைக்கும் குளோரின் வாடைக்கும் மட்டும் சான்று பெற்றது இதற்கு உதவாது.

பேஸ்மென்டுக்குப் போகச் சொல்லாமல் விடுவது

பாட்டிலுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. மீட்டருக்குள் தெருப்பக்கமிருந்து நுழையும் குழாயை ஒரு நாணயத்தால் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மங்கிய சாம்பலுக்கு அடியில் வெள்ளி போல மின்னி, காந்தமும் ஒட்டவில்லையென்றால் அது காரீயம். காந்தம் ஒட்டினால் இரும்பு. சுரண்டிய இடம் செம்பு நிறமாக இருந்தால் செம்பு. துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயையும் 2031க்குள் மாற்ற வேண்டியவற்றில்தான் நியூ ஜெர்சியின் 2021 சட்டம் சேர்த்திருக்கிறது. ஆகவே இரும்பு என்று தெரிந்ததும் தாளை மூடி வைக்கக் கூடாது. நியூவார்க்கில் மூன்று வருஷத்துக்குள் சுமார் 23,000 குழாய்களை மாற்றி முடித்தார்கள், வீட்டுக்காரரிடம் பணம் வாங்காமல். செலவுக்குப் பயந்து பேஸ்மென்ட் கதவைத் திறக்காதவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வருகிற சனிக்கிழமை அந்த இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போகிறேன். தாளைத் திருத்தி எழுதுவது அதற்குப் பிறகு. பையில் டார்ச்சும் காந்தமும் ஒரு நாணயமும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.