கடைக்கு ஒற்றை நட்சத்திரம் விழுந்த இரவில் என்ன செய்வது?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், ஒரு கட்டிங் மேசை, அவ்வளவுதான். ஒரு வருடம் தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, இரவு பதினொன்றே முக்காலுக்குக் கைப்பேசி சிணுங்கியது. கூகலில் யாரோ எங்கள் கடைக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரம் கொடுத்து ரிவியூ எழுதியிருந்தார்கள். "ரவிக்கை கை இறுக்கம். கையைத் தூக்கவே முடியவில்லை. சொன்னால் எரிந்து விழுகிறார்கள். யாரும் போகாதீர்கள்."

படுத்தபடியே பதில் எழுதினேன். "நீங்கள் கொடுத்த அளவுக்குத்தான் தைத்தோம். இடையில் உடம்பு மாறினால் நாங்கள் என்ன செய்வது?" அனுப்பியபோது நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்லமாட்டேன். காலையில் அந்தப் பதிலின் படம் இரண்டு வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிவிட்டு என் தங்கையிடமே வந்து சேர்ந்தது. "அக்கா, இது நம்ம கடையா?" என்று கேட்டிருந்தாள்.

அதிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். என்னுடையது தையல் கடை. சாப்பாட்டுக் கடை, பூக்கடை, புருவம் திருத்தும் கடை எதுவானாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்.

படி 1: கடையின் பக்கத்தை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள்

நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் உங்கள் கடை கூகல் வரைபடத்தில் இருக்கக்கூடும். யாராவது சேர்த்திருப்பார்கள். அந்தப் பக்கத்துக்கு உரிமையாளர் என்று நீங்கள் பதிந்துகொண்டால்தான் ரிவியூவுக்குக் கடையின் பெயரில் பதில் எழுத முடியும். கடைப் பெயரைத் தேடி, 'இந்த வணிகம் உங்களுடையதா' என்ற இடத்தைத் தொட்டால் வழி காட்டும். இதற்குக் காசு கிடையாது.

உரிமையாளர்தான் என்று நிரூபிக்க இப்போது பெரும்பாலும் வீடியோ கேட்கிறார்கள். தெரு, கடைப் பலகை, உள்ளே நீங்கள் வேலை செய்யும் இடம், கடை உங்கள் பொறுப்பில் இருப்பதற்கு ஏதாவது ஓர் அடையாளம் எல்லாம் ஒரே ஓட்டமாக வர வேண்டும். நான் ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பதையே எடுத்தேன். சில நாளில் அனுமதி வந்தது. வந்தவுடன் அறிவிப்புகளை இயக்கி வையுங்கள். திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் சரிபாருங்கள். பூட்டிய கடைக்கு வந்து திரும்பியவர் எழுதும் ரிவியூவுக்கு நல்ல பதிலே கிடையாது.

படி 2: அன்றிரவு எழுதாதீர்கள்

ரிவியூவைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வைத்துக்கொண்டு தூங்கப் போங்கள். கை அரித்தால் ஒரு தாளில் எழுதித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு வாரம் போட்டுவைக்கவும் கூடாது. மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாளுக்குள் பதில் போய்விடுவது நல்லது.

படி 3: முதலில் கடைக்குள் விசாரியுங்கள்

பலர் தாண்டிப்போகும் படி இது. நானும் தாண்டினேன்.

அடுத்த நாள் மனம் ஆறாமல், என் பக்கம்தான் நியாயம் என்று காட்டுவதற்காகவே அளவு நோட்டை எடுத்துப் புரட்டினேன். ரிவியூ எழுதிய அம்மாவின் பக்கத்தில் கைச்சுற்று 11 என்று இருந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், 11-க்குப் பக்கத்தில் மை தீர்ந்த பேனாவில் இழுத்த ஒரு கீறல். அது அரை. பதினொன்றரை அங்குலத்தை நாங்கள் பதினொன்றாக வெட்டியிருக்கிறோம். உடம்பு மாறவே இல்லை, எங்கள் பேனாதான் மாறியிருக்க வேண்டும்.

ஆகவே பில், ஆர்டர் குறிப்பு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பாருங்கள். வேலை செய்பவரிடம் கேட்கும்போது "யார் செஞ்சது இது?" என்று ஆரம்பித்தால் உண்மை வராது. "அன்னைக்கு என்ன நடந்துச்சுண்ணே?" என்று கேட்டால் வரும். எரிந்து விழுந்தது யார் என்று கேட்டேன். மாஸ்டர் அண்ணன் தலையைச் சொறிந்தபடி, "நான் இல்லம்மா, நீங்கதான்" என்றார்.

படி 4: இது எந்த வகை?

விசாரித்து முடித்ததும் தெரிந்துவிடும். புகார் உண்மை; பாதி உண்மை; ஆள் மாறியோ கடை மாறியோ வந்தது; வேண்டுமென்றே போட்டது. என் அனுபவத்தில் முதல் இரண்டுதான் அதிகம். நான்காவது வகை என்று நமக்குத் தோன்றுவதில் பாதி, உண்மையில் முதல் வகை.

படி 5: பதில் எழுதுங்கள்

ஒன்றை மனதில் வையுங்கள். எழுதியவரின் மனதை மாற்றப் பதில் எழுதுவதில்லை. எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்துகொண்டு, இந்தக் கடைக்குப் போகலாமா, அடுத்த கடைக்குப் போகலாமா என்று விரலால் தள்ளிக்கொண்டிருக்கும் மூன்றாவது ஆளுக்காக எழுதுகிறோம். அவருக்கு இந்தச் சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது தேவையில்லை. தனக்கு இப்படி நேர்ந்தால் கடைக்காரர் எப்படி நடந்துகொள்வார் என்றுதான் பார்க்கிறார்.

கூகலில் ஒரு ரிவியூவுக்கு உரிமையாளர் ஒரு பதில்தான் போட முடியும். ஆனால் அதைத் திருத்தலாம். அப்படித்தான் என் ராத்திரிப் பதிலை அழித்துவிட்டு இதைப் போட்டேன்:

"வணக்கம். கை இறுக்கமாக இருந்தது எங்கள் தவறு. அளவைக் குறித்ததில் அரை அங்குலம் விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் சொன்னபோது பொறுமையில்லாமல் பேசியதற்கும், இங்கே முதலில் எழுதிய பதிலுக்கும் மன்னிக்க வேண்டும். ரவிக்கையைக் கொண்டுவந்தால் அன்றே பிரித்துச் சரிசெய்து தருகிறோம், கட்டணம் இல்லை. இனி கை அளவை இரண்டு முறை எடுத்தபிறகே குறிப்போம்."

இதில் உள்ளது நான்கே விஷயம்: என்ன தவறு, மன்னிப்பு, இப்போது என்ன செய்வோம், இனி என்ன மாறும். 'ஆனால்' என்ற சொல் இல்லாததைக் கவனியுங்கள். அது வந்தால் முன்னால் கேட்ட மன்னிப்பு செல்லாது.

பாதி உண்மை என்றால், உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். எங்கள் சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு, "மெனுவில் ஒரு விலை, பில்லில் வேறு விலை, ஏமாற்று" என்று வந்தது. ஏமாற்று இல்லை, 10% சேவைக் கட்டணம். ஆனால் மெனுவின் கடைசிப் பக்கத்தில் எறும்பு சைஸில் எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? "சேவைக் கட்டணத்தைக் கண்ணில் படும்படி எழுதாதது எங்கள் தவறு. மெனுவின் கடைசிப் பக்கத்தில் இருந்ததை இன்றே முதல் பக்கத்துக்கு மாற்றிவிட்டோம்" என்று எழுதச் சொன்னேன். சாப்பிட்டு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வந்தால் மட்டும் "எங்கள் உணவால் இருக்காது" என்று ஒரே போடாகப் போடாதீர்கள். என்றைக்கு, என்ன சாப்பிட்டார் என்று கேட்டுத் தனியாகப் பேசுங்கள், சமையலறையிலும் விசாரியுங்கள். இது சிங்கப்பூர் உணவு அமைப்பு வரை போகக்கூடிய விஷயம்.

ரிவியூ ஆங்கிலத்தில் இருந்தால் பதிலும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். "தங்கள் கருத்துக்கு நன்றி, மேம்படுத்த முயல்வோம்" என்ற ஒரே வரியை இருபது ரிவியூவுக்குக் கீழே ஒட்டிவைப்பதைவிடச் சும்மா இருப்பது மேல்.

எதை எழுதக் கூடாது

வாடிக்கையாளரின் முழுப் பெயர், தொலைபேசி எண், வீவக அடுக்குமாடி வீட்டின் புளோக் எண், வாட்ஸ்அப் உரையாடலின் படம் எதுவும் பதிலில் வரக் கூடாது. உடல் அளவுகள் கண்டிப்பாகக் கூடாது. என் முதல் பதில் அந்த எல்லையில்தான் கால் வைத்தது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'சின்னக் கடைதானே' என்ற சலுகை கிடையாது. தொழிலுக்காக வாங்கிய விவரத்தைச் சண்டைக்குப் பயன்படுத்தினால் பிரச்சினை நம் பக்கம் திரும்பும். துன்புறுத்தும் நோக்கத்தோடு ஒருவரின் அடையாள விவரங்களை இணையத்தில் வெளியிடுவது 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றமும்கூட. ஒரு நட்சத்திரத்தோடு போயிருக்க வேண்டியதை நீதிமன்றம்வரை இழுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 6: தனியாகப் பேசிச் சரிசெய்யுங்கள்

பதில் போட்டபின், எண் இருந்தால் கூப்பிடுங்கள். அந்த அம்மாவை அழைத்தபோது முதல் இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்து, "இன்னும் என்ன சொல்லணும்?" என்றார். "ஒண்ணும் சொல்ல வேண்டாம்கா, ரவிக்கையை மட்டும் கொடுங்க" என்றேன். மகனிடம் கொடுத்தனுப்பினார். உள்தையலில் துணி விட்டிருந்ததால் பிரித்து அரை அங்குலம் விட முடிந்தது. நாற்பது நிமிட வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை. "ரிவியூவை எடுத்தால் காசைத் திருப்பித் தருகிறோம்" என்று பேரம் பேசாதீர்கள். சலுகை கொடுத்து ரிவியூவை நீக்கவோ மாற்றவோ கேட்பது கூகல் விதிகளுக்கு எதிரானது. அதைவிட, அந்தப் பேரத்தையும் அவர் படம் பிடித்துப் போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பணத் தகராறு தீரவில்லை என்றால் வழி இருக்கிறது. வாடிக்கையாளர் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் விசாரிக்கும். தையல் கூலிக்காக அதுவரை போனவரை நான் பார்த்ததில்லை.

படி 7: பொய்யான ரிவியூ என்றால்

உரிமையாளரால் ரிவியூவை அழிக்க முடியாது. விதி மீறினால் புகார் செய்யலாம். ரிவியூவுக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, 'புகாரளி' என்பதைத் தேர்ந்தெடுத்துக் காரணத்தைக் குறியுங்கள்: வசைச்சொல், வெறுப்புப் பேச்சு, போட்டிக் கடைக்காரர் போட்டது, கடைக்குச் சம்பந்தமே இல்லாதது இப்படி. சில நாள் ஆகும். நிராகரித்தால் ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம். 'அவர் சொல்வது உண்மையில்லை' என்பது மட்டும் காரணமாக இருந்தால் பெரும்பாலும் எடுபடாது. யார் சொல்வது சரி என்ற பஞ்சாயத்தைக் கூகல் செய்வதில்லை.

காத்திருக்கும் நாட்களில் இப்படி ஒரு பதில் போதும்: "வணக்கம். நீங்கள் சொல்லும் தேதியில் இப்படி ஓர் ஆர்டர் எங்கள் பதிவில் இல்லை. வேறு கடையாக இருக்குமோ? எங்களிடம்தான் என்றால் பில்லோடு வாருங்கள், உடனே பார்க்கிறோம்." படிப்பவருக்குப் புரிந்துவிடும்.

காசு கொடு, இல்லாவிட்டால் இன்னும் பத்து ஒற்றை நட்சத்திரம் போடுவேன் என்று யாராவது மிரட்டினால் கொடுக்காதீர்கள். செய்திகளைச் சேமித்துக் காவல்துறையிடம் புகார் செய்யுங்கள், கூகலிடமும் தெரிவியுங்கள். "கூகலிலிருந்து பேசுகிறோம், 300 வெள்ளிக்கு ரிவியூவை நீக்குகிறோம்" என்று அழைப்பவரும் அதே ரகம்தான். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு எண் 1799.

வழக்கு? துன்புறுத்தலுக்கு எதிரான சட்டத்தின்கீழ், பொய்யான தகவலைத் திருத்தவோ நிறுத்தவோ உத்தரவு கேட்டு வணிகங்களும் நீதிமன்றத்தை நாட முடியும். 2021 ஜூன் முதல் அதற்கெனத் தனி நீதிமன்றமும் உண்டு. அவதூறு வழக்கும் இருக்கிறது. ஆனால் 'பிடிக்கவில்லை' என்பது கருத்து, அதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. தொழிலே கவிழும் அளவுக்குப் பொய் பரவினால் வழக்கறிஞரைப் பாருங்கள், மற்றபடி வேண்டாம்.

படி 8: எல்லாரையும் எழுதச் சொல்லுங்கள்

ஒரு கணக்கு. ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ஒருவர் ஒன்று கொடுத்தால் சராசரி 4.6. மேலும் பத்துப் பேர் ஐந்து கொடுத்தால் 4.8. நூறு ஐந்துகளுக்கு நடுவே ஒரு ஒற்றை விழுந்தாலோ 4.96. ஆக, அந்த ஒன்றை நீக்க அலைவதைவிட மற்றவர்களைக் கேட்பது சுலபம்.

நம் ஆட்கள் நேரில் "ரொம்ப நல்லா இருக்கு" என்று வாயாரச் சொல்வார்கள், எழுதமாட்டார்கள். கல்லா மேசையில், ரிவியூ பக்கத்தைத் திறக்கும் கியூஆர் அட்டை ஒன்றை வையுங்கள். துணியை வாங்கிக் கண்ணாடியில் பார்த்துச் சிரிக்கும் அந்த நிமிடத்தில் கேளுங்கள். எல்லாரையும் கேளுங்கள், திருப்தியானவர்களை மட்டும் பொறுக்கிக் கேட்பதும் விதிமீறல்தான். சித்தி மகன், வேலையாட்கள், 'ஐந்து போட்டால் 10% தள்ளுபடி' இவை எதுவும் வேண்டாம். பொய் ரிவியூ போட்ட கடைகள்மீது போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் இங்கே நடவடிக்கை எடுத்திருக்கிறது.

அப்புறம், அந்த அம்மா ரிவியூவை நீக்கவில்லை, மாற்றவும் இல்லை. ஒற்றை நட்சத்திரம் இன்றும் அங்கேயே இருக்கிறது, அதன் கீழே என் பதிலும். போன வாரம் புதிதாக வந்த ஒருவர் பட்டுத் துணியை மேசைமேல் வைத்துவிட்டு, கையை நீட்டினார். "கை அளவு ரெண்டு தடவை எடுப்பீங்களாமே, எடுங்க."