மூன்று நாள் எண்ணிக்கையைக் கொண்டு ஆண்டுப் போக்குவரத்தைக் கணிப்பது எப்படி?

ஒரு சாலையில் ஓராண்டு முழுவதும் ஓடிய வாகனங்களின் மொத்தத்தை 365ஆல் வகுத்தால் கிடைப்பதே அச்சாலையின் ஆண்டுச் சராசரி அன்றாடப் போக்குவரத்து. எல்லாச் சாலைகளிலும் ஆண்டு முழுவதும் எண்ணிக்கொண்டிருக்க முடியாது என்பதால், சிலவற்றில் நிரந்தரக் கருவி வைத்தும் மற்றவற்றில் இரண்டு மூன்று நாள் மட்டும் எண்ணியும், முன்னதன் போக்கைப் பின்னதற்குப் பொருத்துகிறார்கள்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் எண்ணினால், டேங்க் ரோடு நோக்கிச் செல்லும் ஊர்வலத்துக்காகத் தடம் மூடியிருக்கும்; தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எண்ணினாலோ அங்குள்ள தேக்கா சந்தைப் பகுதியின் நெரிசல் முழுவதும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். பள்ளி விடுமுறை இல்லாத மாதத்தில், ஒரு செவ்வாய் முதல் வியாழன் வரை எண்ணுவது நல்லது.

சாலையின் குறுக்கே விரிக்கும் ரப்பர் குழாய் எண்ணுவது வாகனத்தை அன்று, சக்கர அச்சுகளை. மார்ச் மாதப் புதன்கிழமை ஒன்றில் 19,360 அச்சுகள் பதிவானதாக வைத்துக்கொள்வோம். இரண்டால் வகுத்தால் 9,680 வாகனங்கள் என்று வரும். ஆனால் மூன்று, நான்கு அச்சு லாரிகளும் அதில் உண்டு. ஒரு மணி நேரம் ஓரத்தில் நின்று, நான்கு கோடும் குறுக்கே ஒன்றுமாகத் தாளில் போட்டு வகைபிரித்து எண்ணிப் பாருங்கள். வாகனத்துக்குச் சராசரி 2.2 அச்சு என்று தெரிந்தால், உண்மையான எண்ணிக்கை 8,800.

அடுத்தது காரணி, அதாவது ஒரு நாள் எண்ணிக்கையை ஆண்டுச் சராசரியாக மாற்றும் விகிதம். நிரந்தரக் கருவி உள்ள சாலையின் ஆண்டுச் சராசரி 20,000, மார்ச் புதன்கிழமைகளின் சராசரி 22,000 என்றால், 8,800ஐ 20,000ஆல் பெருக்கி 22,000ஆல் வகுக்க வேண்டும். விடை 8,000.

தொடக்கநிலையாளர்கள் பெரும்பாலும் சறுக்குவது அந்த நிரந்தரச் சாலையைத் தேர்ந்தெடுப்பதில்தான். துவாஸ் தொழிற்பேட்டைச் சாலை ஞாயிற்றுக்கிழமை அடங்கிவிடும். வெளிநாட்டு ஊழியர்கள் விடுப்பு நாளில் கூடும், சிராங்கூன் சாலை ஓடும் லிட்டில் இந்தியாவிலோ அன்று மாலைதான் பரபரப்பு. துவாஸின் காரணியைச் சிராங்கூன் சாலைக்குப் போட்டால், புதன்கிழமை எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், ஆண்டுச் சராசரி குறைவாகவே வரும். பனிக்காலமுள்ள நாடுகளின் கையேட்டில் உள்ள மாதக் காரணிகளும் இங்கே உதவா.

நிரந்தரக் கருவியும் சில நாள் பழுதாகும். டிசம்பரில் பத்து நாள் விடுபட்டிருக்க, மீதியை அப்படியே கூட்டிச் சராசரி எடுத்தால் விடுமுறைக்காலத்தின் பங்கு குறைந்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாதத்துக்கும் ஏழு கிழமைகளின் சராசரியைத் தனித்தனியே எடுத்து, அந்த 84 எண்களின் சராசரியைக் காணுங்கள். ஒரு கிழமைக்கு ஒரே ஒரு நாள் தரவு இருந்தாலும் அதன் இடம் காலியாகாது.