உப்புக்காற்றில் இறுகிப்போன வாஷிங் மெஷின்

துவைக்கவும் பிழியவும் தனித்தனித் தொட்டி கொண்ட அம்மாவின் பழைய வாஷிங் மெஷினை இரும்புக்கடைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. துவைக்கும் பக்கத்து மோட்டார், பெல்ட்டைக் கழற்றிய பின்னும் உறுமியதே தவிரச் சுழலவில்லை. கப்பியைக் குச்சியால் தள்ளியதும் ஓடியதால், பழுது, மோட்டார் சுழலத் தொடங்க உதவும் கண்டென்சரில்தான் என்று தெரிந்து, பிளக்கைப் பிடுங்கி, அதிலிருந்த மின்னேற்றத்தை இறக்கிய பிறகு, அதே 10 மைக்ரோஃபாரட் அளவில் புதியது மாற்றினேன்.

பிழியும் பக்கம்தான் இரண்டு நாள் அலைக்கழித்தது. மூடியை மூடும்போது பிரேக்கை விடுவிக்க வேண்டிய கம்பி, குளச்சல் கடற்காற்றில் துருவேறி இறுகியதால், பிரேக் கட்டை டிரம்மைப் பிடித்தபடியே இருந்தது. துருவை உப்புத்தாளால் தேய்த்தெடுத்து, நாகர்கோவிலில் வாங்கிய புதுக்கம்பியைப் பொருத்தினேன். தொட்டியடியில் கிழிந்திருந்த ரப்பர் சீலையும் அப்போதே மாற்றியது நல்லதாயிற்று. அதன் வழியே சோப்புநீர் நேராக மோட்டார்மீது சொட்டிக்கொண்டிருந்தது.