வளவுக்கு மண் போடும்போது சுவரைக் கெடுக்கும் பிழைகள்

திருகோணமலையில் றோட்டுக்குக் காபெட் போடும்போதெல்லாம் றோட்டு கொஞ்சம் உயருகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் வளவுக்கு மண் போட்டுவிட்டால், நடுவில் இருக்கிற வீடு பள்ளமாகிவிடும். மாரிக்கு முற்றத்து வெள்ளம் படியேறி விறாந்தைக்கு வரும். இங்கே வருடத்துக்குச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஆகவே டிப்பரில் கிரவல் இறக்கி வளவை உயர்த்துவது நியாயமான வேலைதான். ஆனால் இப்போது தொழிலுக்கு வருகிற இளம் மேசன்மார் அதைச் செய்கிற விதத்தைப் பார்த்தால், முந்தி நாங்கள் செய்த அதே பிழைகள்தான். பீலி ஒழுகுவது, குழாய் வெடித்திருப்பது எல்லாம் எவருக்கும் தெரியும், அவற்றை விடுகிறேன்.

கறுப்புக் கோட்டைப் புதைப்பது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற பிழை இதுதான்.

கருங்கல் அத்திவாரம் கட்டி முடிந்ததும், முதல் வரிக் கல் வைக்க முன்னர், அதன்மேல் முக்கால் அங்குலத்துக்குச் சீமெந்துக் கலவை போட்டு, காய்ந்தபின் சூடாகத் தார் பூசி மணல் தூவுவோம். டி.பி.சி., அதாவது ஈரத் தடுப்புப் படை, என்பது அதுதான். சுவரில் அது ஒரு கறுப்புக் கோடாக நிற்கும். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கல்லும் சீமெந்துக் கல்லும் நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். அந்தத் தார்ப் படை இல்லாவிட்டால் ஈரம் மூன்றடி வரைகூட ஏறும். வெளிநிலம் அந்தக் கோட்டுக்குக் குறைந்தது 6 அங்குலம் கீழே இருக்க வேண்டும். மண்ணை அதற்கு மேலே சுவரோடு அணைத்துப் போட்டால், ஈரம் தாரைச் சுற்றிக்கொண்டு மேலே உள்ள கல்லுக்குள் நேரே போய்விடும். தார் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

உப்புவெளிப் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குக் கூப்பிட்டார். “தம்பி, சுவர் கீழேயிருந்து நனையுது. கூரையிலே ஒரு ஒழுக்கும் இல்லை” என்றார். உள்ளே போனால் கட்டில் உயரத்துக்குப் பெயின்ற் கொப்புளம் கொப்புளமாக எழும்பி நின்றது. நகத்தால் ஒன்றைக் கீறினேன். உள்ளேயிருந்து வெள்ளை உப்பு மாவாகக் கொட்டியது. “மாஸ்டர், வளவுக்கு எப்ப மண் போட்டனீங்கள்?” என்று கேட்டேன். அதற்கு முந்தின வருடம் போட்டிருக்கிறார். வெளியே மூலையில் அலவாங்கால் குத்தி மண்ணை விலக்கிப் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். ஒரு சாண் ஆழத்தில் கறுப்புக் கோடு, வெடிப்பு எதுவும் இல்லாமல் நன்றாகவே இருந்தது. கட்டினவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். மண் போட்டவர் அதைப் புதைத்துவிட்டார். அதோடு, மண்ணுக்குள் மறைந்த சுவர் வழியாகக் கறையானும் ஏறி, கதவு நிலையின் அடியைத் தின்றிருந்தது.

மாஸ்டர் மண்ணை இறக்கக் காசு கொடுத்தார், சுவரைப் பூசக் கொடுத்தார், பிறகு அதே மண்ணை அள்ளவும் கொடுத்தார். முதல் லோட் வர முன்னர் ஒரு மூலையைக் கொத்திப் பார்த்திருந்தால் இவ்வளவும் மிச்சம். அரை மணித்தியால வேலை அது. மேசனும் கேட்பதில்லை, வீட்டுக்காரரும் கேட்பதில்லை. டிப்பர்காரர் மட்டும் இன்னும் எத்தனை லோட் என்று கேட்பார்.

உள்பக்கம் வோட்டர் புறூவ் பூசுவது

மாஸ்டர் வீட்டிலும் முதலில் இதைத்தான் செய்திருந்தார்கள். ஈரம் வருவது வெளியேயிருந்து. உள்முகத்தை அடைத்தால் அது வெளியேற இடமில்லாமல் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடிகிற இடத்தில் வெடிக்கும். போன வருடம் முழங்கால் உயரத்தில் இருந்த கறை இந்த வருடம் இடுப்புக்கு வந்தால், அந்தப் பூச்சைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின பழைய வீடுகளுக்கு வெறும் சீமெந்துப் பூச்சே இந்தக் கெடுதலைச் செய்யும். ஈரம் வருகிற வழியை வெளியே அடைக்காமல் உள்ளே கரண்டியைத் தொடவே கூடாது.

கடற்கரை மண்ணால் நிரப்புவது

வேண்டாம். அதிலுள்ள உப்பு சுவருக்குள் போனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும்.

இன்டர்லொக் கல்லைச் சுவரோடு முட்டப் பதிப்பது

மண் சரியான மட்டத்தில் நிற்கும். அதன்மேல் மணலும் கல்லும் போட்டதும் சுமார் நாலு அங்குலம் உயர்ந்துவிடும். அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 6 அங்குலம் என்பது கடைசியாகக் கால் வைக்கிற தளத்திலிருந்து அளப்பது. கூரைத் தண்ணீர் தளத்தில் விழுந்து சுவரில் தெறிப்பதற்கும் அந்த உயரம் வேண்டும்.

சுவரோரம் பெரிய மெசினால் மண்ணை இறுக்குவது

அங்கே மண்ணைக் கையால் இடித்து இறுக்குங்கள்.

மண் போடாமல் முடியாது என்றால்

சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் குட்டைச் சுவர் ஒன்று கட்டி, மண்ணை அதற்கு அப்பால் போடுங்கள். இடையில் வருகிற கானின், அதாவது தண்ணீர் ஓடுகிற வாய்க்காலின், அடி கறுப்புக் கோட்டுக்கு 6 அங்குலமாவது கீழே இருக்க வேண்டும். கொங்கிறீட் போட்டு ஒரு பக்கத்துக்குச் சரிவு விடுங்கள். வளவு மண்ணும் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாகச் சரிய வேண்டும், பத்தடிக்கு 6 அங்குலம் என்ற கணக்கில்.

கான் எங்கே போய் முடிகிறது என்பதைக் கட்ட முன்னரே பாருங்கள். போக்கிடம் இல்லாத கான், சுவரோரம் நீங்களே கட்டின தொட்டி. நிலாவெளி, உப்புவெளி மணலில் ஊறுகுழி வெட்டி விடலாம் என்பார்கள். கோடையில் சரிதான். மார்கழியில் அங்கே கிணற்றுத் தண்ணீரைக் கையால் அள்ளலாம். குழியும் அதே மட்டத்துக்கு நிரம்பியிருக்கும். தம்பலகாமம் பக்கத்து வயற்காணிக் களிமண்ணில் கோடையிலும் சரிவராது. பக்கத்து வளவுக்குள் திருப்பி விடுவதும் தீர்வில்லை.

கானுக்கு இடமில்லாத ஒடுங்கின வளவு என்றால், அத்திவாரம் தெரிய வெளியே தோண்ட வேண்டும். நாலடி நாலடியாகத் தோண்டுங்கள், முழு நீளத்துக்கும் ஒரேயடியாக வேண்டாம். அத்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே போகவே கூடாது. சுவரைக் கழுவி, ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணல் கலவையால் பூசி, காய்ந்ததும் தார்ப் பூச்சு இரண்டு தரம் கொடுங்கள். புதிய நிலமட்டத்துக்கு மேலே 6 அங்குலம் வரை அது வர வேண்டும். மண்ணிலுள்ள கல் பூச்சைக் கீறாமல் இருக்கத் தகடு ஒன்று வைத்து, சுவரோரம் சல்லி போட்டு மூடுங்கள்.

இதையெல்லாம் ஆனி, ஆடியில், கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் செய்யுங்கள். உள்ளே உப்புப் பூத்த பூச்சைக் கறைக்கு மேலே ஒரு முழம் வரை கொத்தி எடுத்துவிட்டு, கல்லை வெறுமையாகக் காய விடுங்கள். சுவரின் கனத்தில் ஒவ்வொரு அங்குலமும் காய ஒரு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்பது அங்குலச் சுவர் அந்த மாரிக்கு முன்னர் காயாது. பெயின்ற் அடிப்பதை அடுத்த கோடைக்குத் தள்ளிப் போடுங்கள்.