எல்லையோர ஊரின் பாதுகாப்புக்கு அரசு நிதி கேட்கும் முறை

2020 ஜனவரி 8-ஆம் தேதி இரவு, தமிழக-கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் ஓடிய காட்சி அருகில் இருந்த கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருந்தது. வழக்கு பின்னர் தேசியப் புலனாய்வு முகமையிடம் சென்றது. அன்று முதல் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள வணிகர் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஒரே கேள்வியைக் கேட்டுவருகின்றன: எங்கள் ஊருக்குக் கேமராவும் விளக்கும் பயிற்சியும் வேண்டும், அதற்கு எந்த நிதியில் மனுக் கொடுக்க வேண்டும்?

முதலில் ஓர் ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம். "பயங்கரவாதத் தடுப்பு" என்று தலைப்பிட்டு ஒரு பேரூராட்சியோ ஊராட்சியோ நேரடியாக விண்ணப்பித்துப் பெறக்கூடிய திட்டம் என்று ஒன்றை நம்பிக் காத்திருக்க வேண்டாம். காவல் துறையை நவீனப்படுத்துவதற்கான மத்திய உதவி 60:40 என்ற விகிதத்தில் மாநிலத்தின் பங்கோடு சேர்ந்து மாநிலக் காவல் துறைக்குத்தான் போகிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், ஆழிப்பேரலை என மத்திய அரசு அறிவித்த 12 வகைப் பேரிடர்களை மனத்தில் வைத்து அமைந்தது. குண்டுவெடிப்பு அந்தப் பட்டியலில் இல்லை. பயங்கரவாத வன்முறையில் உயிரிழந்த பொதுமக்களின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வழங்கும் மத்தியத் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது நடந்து முடிந்த பிறகு வருவது.

எனவே மனுவில் அச்சத்தை எழுதாமல் பொருளை எழுத வேண்டும். பேருந்து நிலையத்தின் இருண்ட பின்புறத்துக்கு உயர்கோபுர விளக்கு, சந்தை வாசலில் நான்கு கேமரா, கடற்கரைச் சாலையில் ஒலிபெருக்கி, இளைஞர் இருபது பேருக்கு முதலுதவிப் பயிற்சி என்று தேவையைத் துண்டு துண்டாகப் பிரித்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஏற்கெனவே ஒரு திட்டம் இருப்பது தெரியவரும். பிரித்தவுடன் ஒவ்வொன்றின் எதிரிலும் "இது யாருடைய சொத்தாக இருக்கும், யார் மின்கட்டணம் கட்டுவார்" என்று எழுதிவையுங்கள். அந்த இடம் காலியாக இருக்கும் மனுதான் பெரும்பாலும் திரும்பி வருகிறது.

இவற்றில் சங்கங்களுக்கு மிகவும் ஏற்றது தமிழக அரசின் நமக்கு நாமே திட்டம் என்பது என் கருத்து. 2021-இல் மீண்டும் தொடங்கப்பட்ட இத்திட்டத்தின்கீழ், பணியின் மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் தர, மீதியை அரசு தருகிறது. பொது இடங்களில் கண்காணிப்பு கேமரா பொருத்துவதும் இதில் எடுத்துக்கொள்ளப்படும் பணிகளுள் ஒன்று. 6 லட்சம் ரூபாய் மதிப்பீட்டுக்கு 2 லட்சத்தைச் சங்கம் திரட்டியாக வேண்டும். பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடமும், கிராம ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் வழியாக மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்கும் மனுச் செல்ல வேண்டும். பணத்தைத் திரட்டிவிட்டு மனுக் கொடுப்பதா, மனுக் கொடுத்துவிட்டுத் திரட்டுவதா என்று கேட்பார்கள். பொறியாளரின் மதிப்பீடு கைக்கு வந்தபின் திரட்டுவதே நல்லது. இல்லையெனில் தொகை கூடிக் குறைந்து, வசூலித்தவர்களுக்கும் கொடுத்தவர்களுக்கும் இடையே மனக்கசப்பு வந்து சேரும். நன்கொடைக்கு ரசீது கட்டாயம் கொடுங்கள்.

பங்குத்தொகை திரட்ட இயலாத ஊர்கள் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியையும் நாடாளுமன்ற உறுப்பினரின் உள்ளூர் மேம்பாட்டு நிதியையும் அணுகலாம். முன்னது ஆண்டுக்கு 3 கோடி ரூபாய், பின்னது 5 கோடி. இரண்டிலும் உறுப்பினர் பரிந்துரைப்பார். மதிப்பீடும் நிர்வாக அனுமதியும் மாவட்ட நிர்வாகத்தின் வேலை. ஆகவே உறுப்பினரின் அலுவலகத்தில் கடிதம் வாங்கியதோடு வேலை முடிந்ததாக எண்ணிவிடக் கூடாது. நாடாளுமன்ற நிதியில் உருவாகும் சொத்தைப் பராமரிப்போம் என்று பயன்படுத்தும் அமைப்பு உறுதி தர வேண்டும் என்பதால், பேரூராட்சி மன்றத்தின் தீர்மான நகலை மனுவோடே இணைத்துவிடுவது ஒரு சுற்று அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கிராம ஊராட்சிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. மத்திய அரசின் 15-ஆவது நிதிக் குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் ஒதுக்கப்பட்டது; எஞ்சிய 40 சதவீதத்தை, சம்பளமும் நிர்வாகச் செலவும் நீங்கலாக, உள்ளூர்த் தேவைக்குச் செலவிட இடமளிக்கப்பட்டது. தெருவிளக்கு போன்றவை அப்பகுதியில் அடங்கின. அதற்கு ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் பணி இடம்பெற்றிருக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய கிராம சபை நாள்களில் ஒன்றில் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். ஆனால் தீர்மானத்தில் "பாதுகாப்புக்காகக் கேமராக்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்தக் கம்பத்தில், எந்தத் திசை நோக்கி என்ற வரைபடம் சபையில் வாசிக்கத் தக்கதன்று. அதைத் தனி உறையில் காவல் நிலையத்துக்கு அளிப்பதே முறை.

இடத் தேர்வைக் காவல் துறையோடு சேர்ந்து செய்ய வேண்டும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நம் ஊர்களில் தேசிய நெடுஞ்சாலை 66-ஐக் கவனிப்பவர்கள் பலர். ஆனால் நெடுஞ்சாலையை விட்டு விலகி ரப்பர் தோட்டங்களுக்கு ஊடே கேரளத்துக்குள் நுழையும் சிறு சாலைகளை உள்ளூர்க் காவலர்களே நன்கு அறிவார்கள். காவல் ஆய்வாளரிடம் இடப் பரிந்துரைக் கடிதம் பெற்று இணையுங்கள். கம்பம் நெடுஞ்சாலையின் எல்லைக்குள் வந்தால் நெடுஞ்சாலைத் துறையின் அனுமதியும், மின்கம்பத்தில் பொருத்துவதானால் மின்வாரியத்தின் தடையின்மைச் சான்றும் தேவை. சாலையின் மறுபுறம் கேரளத்தின் பாறசாலைப் பக்கத்து நிலமாக இருந்தால் அங்கே நம் மாநில நிதியில் ஒரு ஆணி கூட அடிக்க முடியாது. நம் பக்கத்துக் கம்பத்தையே சற்று உயர்த்திக்கொள்ள வேண்டியதுதான். கேமரா யாருடைய வீட்டு முற்றத்தையும் நோக்கக் கூடாது. ஒரு சமயத்தாரின் வழிபாட்டு இடத்தை மட்டும் குறிவைப்பது போன்ற அமைப்பு, கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் ஊரில் பாதுகாப்பைத் தராது, பகையைத்தான் தரும்.

மதிப்பீட்டில் கேமராவின் விலையை மட்டும் எழுதுவது பொதுவான பிழை. எல்லையோர ஊர் ஒன்றின் சங்கத்துக்கு நான் மனு எழுதிக் கொடுத்தபோது அதே பிழையைச் செய்தேன். இரண்டாம் மழைக்காலத்தில் யு.பி.எஸ். மின்கலம் செயலிழந்தது, மாற்றப் பணம் இல்லாமல் கேமராக்கள் பல மாதங்கள் கம்பத்தில் அலங்காரமாக நின்றன. ஆகவே மின்கலம், இடிதாங்கி, பதிவுக் கருவி, இணைய இணைப்பு, குறைந்தது மூன்றாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் ஆகியவற்றைத் தனித்தனி வரியாகச் சேருங்கள். 2025 ஏப்ரல் 9 முதல் கண்காணிப்பு கேமராக்களுக்கு மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனைச் சான்று கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், விலைப்புள்ளி தருபவரிடம் அந்தச் சான்றின் நகலையும் கேளுங்கள். தனியார் கடைகளுக்கும் வளாகங்களுக்கும் இந்த நிதியில் இடமில்லை. நகர்ப்புறங்களில் பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் உரிமையாளரே கேமரா பொருத்த வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டு விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன.

பயிற்சிக்குப் பெரும்பாலும் நிதியே தேவைப்படாது. தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கேட்டால் ஒத்திகை நடத்தித் தருவார்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியும் அவசரகாலக் கருவிப் பையும் அளிக்கப்பட்டன. அத்தகைய பயிற்சி எப்போது நடக்கும் என்பதை ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் விசாரிக்கலாம். ஒத்திகையில் ஒன்றை மறக்க வேண்டாம்: 108 சேவை இரு மாநிலங்களிலும் தனித்தனியே இயங்குகிறது, எல்லையில் நின்று அழைப்பவர் எந்த மாநிலத்துக் கட்டுப்பாட்டு அறையோடு பேசுகிறார் என்பது கைபேசிக் கோபுரத்தைப் பொறுத்தது. அழைப்பவர் ஊரோடு மாவட்டத்தின் பெயரையும் முதலிலேயே சொல்லப் பழக வேண்டும். நீரோடி முதலான கடலோர ஊர்கள் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையும் தொடர்புகொள்வது நல்லது.

மனுவை மூன்று நகல்களாக எடுத்து, ஒன்றில் முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகையைப் பெற்றுக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அந்த ஒப்புகையுடன் நினைவூட்டு மனுக் கொடுக்கலாம். கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். பணி முடிந்ததும், நிதி உரிய பணிக்கே செலவானதைக் காட்டும் பயன்பாட்டுச் சான்று அனுப்பப்பட்டதா என்று செயல் அலுவலரிடம் கேட்டு, அதன் நகலைச் சங்கக் கோப்பில் வையுங்கள். அடுத்த ஆண்டு மின்கலத்துக்கோ புதிய விளக்குக்கோ மனுக் கொடுக்கும்போது, அதிகாரி முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.