கட்டளைப் பதிலீட்டுக்குள் கேஸ் போட்டால் உடைந்த என் ஷெல் பார்சர்

நான் எழுதிவரும் ஷெல்லில் (கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) கேஸ் கட்டளை தனியாக ஒழுங்காக ஓடியது. ஒரு மதிப்பைப் பல பேட்டர்ன்களோடு ஒப்பிட்டு, பொருந்தும் கிளையை இயக்குவது கேஸ்; ஒவ்வொரு பேட்டர்னுக்கும் பின்னால் ) வரும், கிளை ;; என்று முடியும். அதையே கட்டளைப் பதிலீடான $( ) உள்ளே (உள்ளிருக்கும் கட்டளையின் வெளியீட்டை அந்த இடத்தில் வைப்பது) வைத்தால் மட்டும் "எதிர்பாராத ;;" என்று பிழை வரும். பிழை காட்டும் இடத்தில் ;; சரியாகத்தான் இருந்தது.

முதலில் கேஸுக்கான இலக்கண விதியைக் குடைந்தேன், அதில் ஒன்றுமில்லை. அப்புறம் மேற்கோள் குறிகளைச் சந்தேகப்பட்டேன், அதுவும் வீண். துப்பு கிடைத்தது வேறொரு சோதனையில். ஷெல்களுக்கான பொதுத் தரமான பாசிக்ஸ் விதிப்படி பேட்டர்னுக்கு முன்னால் ஒரு திறப்பு அடைப்புக்குறியும் போடலாம். அ) என்பதை (அ) என்று மாற்றியதும் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டது!

விஷயம் இதுதான்: $( பார்த்ததும், உரையைச் சொற்களாகப் பிரிக்கும் லெக்சர் அடைப்புக்குறிகளை எண்ணியே முடிவைத் தேடியது. பேட்டர்னின் ) வந்ததும் கட்டளை முடிந்ததாக எடுத்துக்கொண்டு, மீதியை வெளியே தள்ளியது.

கேஸ் என்ற சொல்லைக் கண்டால் எண்ணிக்கையைச் சரிக்கட்டலாம் என்று பார்த்தேன். ஆனால் உரையை அச்சிடும் எக்கோ கட்டளைக்குப் பின்னால் வரும் கேஸ் வெறும் சொல்தானே. கட்டளை தொடங்கும் இடத்தில் வந்தால்தான் அது சிறப்புச்சொல். அதை லெக்சர் தனியாக அறிய வழியில்லை.

கடைசியில் எண்ணுவதையே தூக்கிவிட்டு, $( வந்ததும் இலக்கணப்படி கட்டளைகளை அலசும் முழுப் பார்சரை மறுபடி அழைத்து, அது தானாக நிற்கும் ) வரை படிக்கவிட்டேன். பரவலாகப் பயன்படும் பாஷ் ஷெல்லும் 5.2 பதிப்பில் இப்படித்தான் மாறியது. உள்ளே போகும்முன் காத்திருக்கும் ஹியர்-டாக் (கட்டளைக்கான உள்ளீட்டை அடுத்த வரிகளிலேயே எழுதும் முறை) பட்டியலை ஒதுக்கிவைத்து, திரும்பியதும் மீட்க வேண்டும். இல்லாவிட்டால் வெளி ஹியர்-டாக்கின் உரையை உள்ளே இருக்கும் கட்டளை விழுங்கிவிடும். கமெண்டில் ஒற்றை மேற்கோள் இருந்தால் அதை மேற்கோளின் தொடக்கமாக எடுத்துக்கொண்டதால் வந்த தொல்லையும் இதோடு போனது.